காலிற் கால் அங்குலக் குறை

பிள்ளையின் இரு கால்களில் ஒன்று மற்றதிலும் குட்டை என்பதை முதலிற் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர், தையற்காரரே. நீளக் காற்சட்டைக்கு அளவெடுக்கும்போது, "தம்பிக்கு இடப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றித் தைக்கவேண்டும் போலிருக்கிறது, அம்மா" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். தாயாருக்கோ அன்றிரவு நித்திரை வராது. மறுநாள் வீட்டிலே பரிசோதனை தொடங்கும். செருப்பைப் புரட்டிப் பார்ப்பார். ஒரு குதி கூடுதலாகத் தேய்ந்திருக்கும். பிள்ளையைக் கண்ணாடிக்கு முன்னே நிறுத்திப் பார்ப்பார். ஒரு தோள் பதிந்திருப்பதுபோலத் தோன்றும்.

அடுத்து உறவினரின் யோசனைகள் வந்து சேரும். "சப்பாத்துக்குள்ளே ஓர் அட்டையை வெட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் ஒருவர். இக்காலத்திற் குதியின்கீழ் வைப்பதற்கென்றே செய்த றப்பர்த் துண்டுகளும் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கி வைப்பது எளிது. ஆனால் வைக்கலாமா? அதற்கு விடை சொல்வதே இவ்வாரம் நமது நோக்கம். அவ்விடை மூன்று வினாக்களிலே தங்கியிருக்கின்றது. கால் மெய்யாகவே குட்டையா? குட்டையானால் எவ்வளவு? அந்தக் கால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை தெரியுமுன் அட்டையை வெட்டுவது, ஆழமறியாமற் காலை விடுவதற்கு ஒப்பாகும்.

சமமான கால்கள் யாருக்கு உண்டு?

முதலில் ஓர் ஆறுதல். அணுவளவும் பிசகாது சமமான இரு கால்களை உடையவர்கள் உலகில் மிகச் சிலரே. எக்ஸ்றே மூலம் கால்களைத் துல்லியமாக அளந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2005ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதன்படி, 100 பேரை அளந்தால் அவர்களுள் 90 பேருக்குக் கால்களின் நீளத்தில் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தின் சராசரி 5.2 மில்லிமீற்றர், அதாவது கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. ஆகவே கால் அங்குலக் குறை நோயன்று. முகத்தில் ஒரு புருவம் மற்றதிலும் சற்று உயர்ந்திருப்பது போன்றதே அது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. 2009ஆம் ஆண்டு பேர்லின் நகரில் 100 மீற்றர் தூரத்தை 9.58 வினாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார், ஜமேக்கா நாட்டு வீரர் உசேன் போல்ட். அவருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தது. அவரது வலக்கால் இடக்காலிலும் ஏறத்தாழ அரை அங்குலம் குட்டையானது. அவர் ஓடும் படங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், அவருடைய இரு கால்களும் நிலத்தை ஒரே விசையுடன் மிதிப்பதில்லை என்றும், இடக்கால் வலக்காலிலும் சற்று அதிக நேரம் நிலத்தில் தங்குகிறது என்றும் 2017இற் காட்டினார்கள். தமது வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் பயிற்சியால் வலுப்படுத்தியே அவர் அந்தக் குறையைச் சமாளித்தார். உடல் தன்னிடத்துள்ள சிறு ஏற்றத்தாழ்வைத் தானே ஈடுசெய்துகொள்ளும் வல்லமை வாய்ந்தது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

மேசையும் தரையும்

இனி முதலாம் வினாவுக்கு வருவோம். வீட்டிலே மேசை ஆடினால் ஒரு கடதாசியை நாலாக மடித்து அதன் ஒரு காலின்கீழ்ச் செருகுகிறோம். ஆனால் மேசை ஆடுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அதன் கால் குட்டையாயிருக்கலாம். மற்றது, கால்கள் சரியாயிருக்கத் தரை மேடுபள்ளமாயிருக்கலாம். மனிதனுடைய உடலிலும் இவ்விரண்டு வகைகளும் உண்டு.

முதலாவது வகையில் எலும்பே நீளத்திற் குறைந்திருக்கும். பிறவியிலேயே அவ்வாறு அமைந்திருக்கலாம். இளவயதில் ஏற்பட்ட எலும்பு முறிவு, எலும்பிற் பிடித்த கிருமி நோய், இடுப்பு மூட்டின் நோய் என்பனவும் காரணமாகலாம். இளம்பிள்ளைவாதம் என்ற போலியோ நோயினால் ஒரு கால் சூம்பிக் குட்டையானவர்களை நம்மிடையே முதியோர் நன்கறிவர். தடுப்பு மருந்தின் பயனாக அந்நோய் இலங்கையில் 1993ஆம் ஆண்டின் பின்னர் எவரையும் தாக்கவில்லை.

இரண்டாவது வகையில் எலும்புகள் இரண்டும் சமநீளமானவை. கால் மாத்திரம் குட்டைபோலத் தோற்றும். முதுகெலும்பு வளைந்திருந்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் உயர்ந்து, அப்பக்கத்துக் காலையும் மேலே இழுத்துக்கொள்ளும். நாரிப்பிடிப்பினால் ஒரு பக்கத்துத் தசைகள் இறுகினாலும் அவ்வாறே நேரும். ஒரு முழங்கால் முற்றாக நிமிராவிட்டாலும், ஒரு பாதம் மட்டும் தட்டையாகிப் பதிந்துவிட்டாலும் அதே தோற்றம் உண்டாகும்.

இந்த இரண்டாவது வகையினருக்கு அட்டை வைப்பது தீங்காகலாம். இறுகிய தசைக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. பதிந்த பாதத்திற்கு வேண்டியது அதன் வளைவைத் தாங்கும் ஏற்பாடு. அவற்றைச் செய்யாது குதியை உயர்த்தினால், தற்காலிகமான கோணலை நாமே நிரந்தரமாக்கியவர்கள் ஆவோம்.

அளக்கும் முறை

வைத்தியர் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து நாடாவினால் இரண்டு அளவுகள் எடுப்பார். இடுப்பின் முன்புறத்திலே, கையால் தடவும்போது தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து உட்புறக் கணுக்கால் முனைவரை எடுப்பது ஓர் அளவு. இது காலின் மெய்யான நீளம். கொப்பூழிலிருந்து அதே கணுக்கால் முனைவரை எடுப்பது மற்ற அளவு. இது காலின் தோற்ற நீளம். மெய்யான நீளங்கள் சமமாயிருக்கத் தோற்ற நீளங்கள் மட்டும் வேறுபட்டால், குறை காலில் இல்லை, அதற்கு மேலேயுள்ளது.

நாடா அளவு அரைச் சென்ரிமீற்றருக்கு மேலும் பிழைக்கக் கூடியது. ஆதலால் வேறொரு சோதனையும் செய்வார்கள். தடிப்புத் தெரிந்த மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாகக் குட்டைக் காலின்கீழ் வைத்து, பிள்ளையை நேரே நிற்கச் செய்து, பின்புறமிருந்து இடுப்பெலும்பின் இரு மேல் விளிம்புகளையும் கைகளாற் பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும்போது பலகைகளின் மொத்தத் தடிப்பே குறையின் அளவு. ஐயமிருந்தால், அல்லது குறை பெரிதாயிருந்தால், இரண்டு கால்களையும் முழுமையாகக் காட்டும் எக்ஸ்றே படம் எடுக்கப்படும். இவையெல்லாம் நமது அரசினர் பெரிய வைத்தியசாலைகளில் இலவசமாகச் செய்யத்தக்கவை. அளவெடுத்த திகதியையும் அளவையும் ஒரு கொப்பியிலே குறித்து வைப்பது பெற்றோரின் கடமை. அக்குறிப்பின் அருமை பின்னர் விளங்கும்.

எவ்வளவு குறைக்கு என்ன செய்வது?

வேதனையோ நொண்டலோ இல்லாத ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட குறைக்குப் பொதுவாக எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர்வரையான குறையுடையவர்களுக்கு நாரிநோவோ, இடுப்பு நோவோ, நடையிற் களைப்போ இருந்தால் அட்டை உதவலாம். இரண்டுக்கு மேற்பட்டால் சப்பாத்தை உயர்த்துவது பெரும்பாலும் பயன் தரும். வளரும் பிள்ளையானால் வேறு சிகிச்சையையும் யோசிக்க வேண்டும். ஐந்துக்கு மேற்பட்டாற் சப்பாத்து மாத்திரம் போதாது.

அட்டையின் துணையை நாடியவர்களிற் புகழ்பெற்ற ஒருவர் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் கெனடி. தீராத முதுகு நோவினால் வருந்திய அவர், செனற்றராக இருந்த காலத்தில், 1955இல், ஜெனற் ட்ரவெல் என்னும் பெண் வைத்தியரிடம் சென்றார். பலர் அதற்கு முன்னர் அவரது முதுகையே பார்த்தனர், சத்திரசிகிச்சையும் செய்தனர். ட்ரவெல் அம்மையார் அவருடைய கால்களையும் பார்த்தார். இடக்கால் சற்றுக் குட்டை என்று கண்டு, இடது சப்பாத்தின் குதியை உயர்த்தும்படி கூறினார். 1961இற் கெனடி பதவியேற்றபோது அவ்வம்மையாரே வெள்ளை மாளிகையின் வைத்தியரானார். அப்பதவியை வகித்த முதற் பெண்மணியும் அவரே. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. கெனடியின் நோவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அவர் இறுதிவரை முதுகுக் கச்சை அணிந்தார். அட்டை அவருக்கு உதவிய பலவற்றுள் ஒன்றேயன்றி மந்திரமன்று. நாரிநோவுக்கு அட்டை தரும் பயனைப் பற்றிய ஆய்வுகள் சில நல்ல பலனைக் காட்டினும், அவை சிறியவை. முடிந்த முடிபாகக் கொள்ளத்தக்கவை அல்ல. ஆகையாற் சில வாரங்கள் அணிந்து பார்த்து, நோவு குறைந்தால் தொடர்வதும் கூடினால் நிறுத்தி வைத்தியரிடம் மீள்வதுமே நேர்மையான வழி.

அட்டை வைக்கும் முறை

அட்டை தேவை என்று தீர்மானிக்கப்பட்டவர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பொருள். மெத்தென்ற பஞ்சு றப்பர் உடலின் பாரத்தால் நசுங்கிவிடும். பத்து மில்லிமீற்றர் என்று வாங்கியது காலின்கீழ் மூன்றாகிவிடும். இறுக்கமான தக்கையோ, கெட்டி றப்பரோதான் உயரத்தைக் காக்கும்.

இரண்டாவது, உயரம். சாதாரணச் சப்பாத்தினுள்ளே ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வைக்க இடமில்லை. அதற்கு மேல் வைத்தாற் குதி சப்பாத்தை விட்டு வெளியே எழும்பும். நடக்கையிற் காலும் பிரளும். கூடுதலான உயரம் தேவைப்பட்டால் அதைச் சப்பாத்தின் வெளியே, அடித்தோலிற் சேர்க்க வேண்டும். அப்போது குதிக்கு மட்டுமன்றிப் பாதத்தின் முன்பகுதிக்கும் சேர்ப்பது அவசியம். குதியை மட்டும் மிக உயர்த்தினாற் பாதம் முன்னோக்கிச் சரிந்து, கெண்டைக்காற் தசை நாளடைவிற் குறுகிவிடும். வைத்தியர் எழுதிக் கொடுத்த அளவைக் காட்டினால் சப்பாத்துத் தைப்பவர் இதனைச் செய்து தருவார்.

மூன்றாவது, நிதானம். பத்து ஆண்டுகளாக ஒரு கோணலுக்குப் பழகிய உடலை ஒரே நாளில் நிமிர்த்த முயன்றால் அது முறையிடும். முன்பு நோகாத முழங்காலும் நோகும். மூன்று மில்லிமீற்றர் அளவில் ஆரம்பித்து, இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையாகச் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை. வயது வந்தவர்களுக்குக் குறை முழுவதையும் நிரப்பவேண்டும் என்பதும் இல்லை. பாதியளவே பலருக்குப் போதும்.

நான்காவது, நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். மேல்நாட்டார் காலையிற் பூட்டிய சப்பாத்தை இரவிலே கழற்றுவர். நாமோ வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலுடன் வீட்டினுள் நடமாடுகின்றோம். பாடசாலையிலே வெள்ளைச் சப்பாத்துக்குள் ஐந்தாறு மணி நேரம் நிமிர்ந்து நிற்கும் பிள்ளை, மிகுதி நேரமெல்லாம் பழைய கோணலுக்கே திரும்பிவிடுகின்றது. அடுப்படியில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் தாய்மாருக்கோ சப்பாத்து அணியும் வழக்கமே இல்லை. இவர்களுக்கு, வீட்டினுள் மட்டும் அணிவதற்கென ஒரு சோடிச் செருப்பை ஒதுக்கி, அதில் ஒன்றின் அடியிலே உரிய தடிப்புக்கு றப்பர் ஒட்டுவித்துக் கொள்வது நல்லது. கோயிலிலே கழற்றும் சிறிது நேரத்தால் ஒரு தீங்கும் வராது.

முதியோருக்கு ஒரு வார்த்தை. இடுப்பு மூட்டை மாற்றிச் செயற்கை மூட்டு வைத்தவர்கள் பலர், "கால் நீண்டுவிட்டது" என்று முதற் சில மாதங்களிலே கவலைப்படுவதுண்டு. இறுகியிருந்த தசைகள் தளரத்தளரப் பெரும்பாலும் அவ்வுணர்ச்சி நீங்கிவிடும். அவசரப்பட்டு மற்றக் காலுக்கு அட்டை வைத்தல் வேண்டாம்.

வளரும் பிள்ளையின் கதை வேறு

மூன்றாம் வினாவே மிக முக்கியமானது. பெரியவருடைய காற்குறை நின்ற இடத்தில் நிற்கும்; பிள்ளையுடையதோ பிள்ளையுடன் சேர்ந்து வளரக் கூடியது. ஒவ்வொரு நீண்ட எலும்பின் முனையருகிலும் குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அதனாலேதான். காலின் வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தட்டுகளிலே நடைபெறுகின்றது. மரத்திலிருந்து விழுந்தோ, சைக்கிளிலிருந்து விழுந்தோ அத்தட்டு நசிந்தால், அந்தக் கால் பின்தங்கிவிடும். ஏழு வயதில் ஒரு சென்ரிமீற்றராயிருந்த குறை பதினான்கு வயதில் நான்காகலாம். இதற்கு மாறான விந்தையும் உண்டு. இரண்டு முதல் பத்து வயதுவரையில் தொடையெலும்பின் நடுப்பகுதி முறிந்து பொருந்தினால், அவ்விடத்தில் இரத்த ஓட்டம் பெருகி, முறிந்த கால் மற்றதிலும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அதிகமாக வளர்ந்துவிடும்.

அட்டையோ எலும்பின் வளர்ச்சியைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. நொண்டலை மறைக்கும், அவ்வளவே. எனவே அட்டை வைத்த பிள்ளையையும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை மீண்டும் அளக்க வேண்டும். முன்னர் குறித்து வைத்த கொப்பி இங்கேதான் பயன்படும். அந்த எண்களைக் கொண்டு, வளர்ச்சி முடியும்போது வித்தியாசம் எவ்வளவாகும் என்று வைத்திய நிபுணர் கணிக்க முடியும்.

அக்கணிப்பு இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர்வரை என்றால், எளிய சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. நீண்ட காலின் முழங்காலருகே உள்ள வளர்ச்சித் தட்டை உரிய வயதிலே நிறுத்திவிடுவதே அது. அந்தக் கால் காத்திருக்க, குட்டைக் கால் வளர்ந்து வந்து சமமாகும். அமெரிக்க வைத்தியர் பெமிஸ்ற்றர் 1933இல் வெளியிட்ட இம்முறை, திருத்தங்களுடன் இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: வளர்ச்சி மிச்சமிருக்க வேண்டும். பெண்களுக்குப் பதினான்கு வயதளவிலும் ஆண்களுக்குப் பதினாறு வயதளவிலும் கால்களின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பின் வந்து கேட்பவருக்கு இந்தக் கதவு திறவாது.

திறந்திருக்கும் மற்றக் கதவு கடினமானது. குட்டைக் காலின் எலும்பை அறுத்து, வெளியே வளையங்களைப் பூட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் இழுத்து நீட்டும் முறை அது. சைபீரியாவிலுள்ள குர்கான் நகரில் 1950களில் இதனை உருவாக்கியவர் கவ்ரீல் இலிசாரோவ். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலிற் தங்கப் பதக்கம் பெற்ற வலேரி புறுமெல், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்திற் கால் நொறுங்கி, பல சத்திரசிகிச்சைகளாலும் குணமடையாது, 1968இல் இலிசாரோவிடம் சென்றார். அவர் மீண்டும் நடந்தது மட்டுமன்றி மீண்டும் பாயவும் செய்தார். ஆனாற் பழைய உயரத்தை எட்டவில்லை. ஐந்து சென்ரிமீற்றர் நீட்ட ஐம்பது நாட்கள். நீண்ட எலும்பு உறுதிபெறுவதற்கு மேலும் பல மாதங்கள். வேதனை, கம்பி நுழைந்த இடங்களிற் கிருமி பிடிக்கும் அபாயம், படிப்பில் இடையூறு எல்லாம் உண்டு. உரிய வயதில் அளந்திருந்தாற் சிறு சிகிச்சையுடன் முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு இத்தனை பாடு படுபவர்கள் இருக்கிறார்கள்.

காலம் தாழ்த்தாதீர்

சில அறிகுறிகளுக்கு ஒரு நாளும் பொறுத்திருத்தல் ஆகாது. காய்ச்சலுடன் திடீரென நொண்டும் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கைக்குழந்தையின் தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒவ்வாதிருந்தாலும், நடை பழகும் குழந்தை ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாலும், இடுப்பு மூட்டு நழுவியிருக்கக் கூடும். நான்கு முதல் எட்டு வயதுள்ள பிள்ளை வாரக்கணக்காக நொண்டி, தொடையோ முழங்காலோ நோகிறது என்றால், இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் அட்டை மருந்தன்று.

இறுதியாக, வைத்தியத்தோடு சேராத, ஆனால் வைத்தியத்தையே தடுக்கின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மவர் பலர் பிள்ளையின் காற்குறையை, அதிலும் பெண்பிள்ளையின் காற்குறையை, ஊரறியாது மறைக்கப் பார்க்கின்றனர். நாளை கலியாணம் பேசுகையில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்களே என்ற அச்சம் அவர்களுக்கு. நீண்ட பாவாடை மறைக்கும். சப்பாத்துக்குள் வைத்த அட்டையும் மறைக்கும். ஆனால் மறைத்த ஒவ்வோர் ஆண்டும் வளர்ச்சித் தட்டிலே கழிந்துபோன ஓர் ஆண்டு. பத்து வயதிற் கூச்சப்பட்டு மறைத்தது இருபது வயதிற் பெரும் சத்திரசிகிச்சையாகவோ, தீராத நாரிநோவாகவோ வெளிப்படும். அப்போது அதை மறைக்க எந்தப் பாவாடையாலும் முடியாது.

பாடசாலையில் ஆசிரியர்மாரும் மாணவர்களும் ஒன்றைக் கவனித்தல் நன்று. வரிசையிலே ஒரு காலை மடித்து, மறுகாலிற் பாரம் போட்டு நிற்கும் பிள்ளை சோம்பேறி என்று எண்ண வேண்டாம். நீண்ட காலை மடித்துச் சமம் செய்ய அதன் உடல் கண்ட உபாயமாயிருக்கலாம் அது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அதட்டலும் பட்டப்பெயரும் அல்ல. ஓர் அளவு நாடா.

ஆதலால், தையற்காரர் "இடப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்" என்றால் கலங்காதீர்கள். கடைக்கு ஓடி அட்டை வாங்கவும் வேண்டாம். பிள்ளையை அழைத்துச் சென்று அளப்பியுங்கள். கால் அங்குலமானால் நிம்மதியுடன் வீடு திரும்பலாம். அதிகமானாலும் நன்றே; உரிய காலத்தில் அறிந்துகொண்டீர்கள். அளந்த பின்பு வைக்கும் அட்டைதான் பிள்ளையைத் தாங்கும்.